பூஜ்யம் என்று குறிக்கப்பட்டவர்கள்: பிரிட்டனின் இளைஞர் கொள்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1988 செப்டம்பரில் பிரிட்டனில் 16, 17 வயதுக்காரர்களின் வேலையின்மை காகிதத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. அவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிடவில்லை. சில விதிவிலக்குகள் நீங்கலாக அந்த வயதினருக்கு இனி அரசு உதவித்தொகை கிடையாது என்று அந்த ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. உதவித்தொகை கேட்டு வருகிறவர்களைத்தான் 1982 முதல் அரசு வேலையற்றோர் என்று எண்ணிவந்தது. கேட்கும் உரிமையே போன பிறகு எண்ணுவதற்கு ஆள் ஏது?

இளைஞர் கொள்கையைப் பற்றிச் சமூகவியலாளர்கள் பேசுவதை எங்கிருந்து படிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒரு வயதுக் கூட்டம் கணக்கிலிருந்து விழுகிறது. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதைக் கண்டெடுத்துப் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயர் அரசின் இலக்காக மாறுகிறது. கடைசியில் அந்த இலக்கே அவர்களில் ஒரு பகுதியை மறுபடியும் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீளும் கதை இது.

முன்கதை

1970களின் நடுப்பகுதி வரை, 15, 16 வயதில் பள்ளியை விட்டு நேரே தொழிற்சாலைக்கோ கடைக்கோ அலுவலகத்துக்கோ போவது பிரிட்டனின் உழைக்கும் குடும்பங்களில் சாதாரண விஷயம். எஃகு ஆலைகள், சுரங்கங்கள், கப்பல் கட்டும் துறைகள் சுருங்கத் தொடங்கியதும் அந்தப் பாதை அடைபட்டது. 1978இல் இளைஞர் வாய்ப்புத் திட்டம் வந்தது. 1983இல் அதன் இடத்தில் ஓராண்டு இளைஞர் பயிற்சித் திட்டம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் ‘ஒய்.டி.எஸ்.’ என்றார்கள். சேர்ந்தவருக்கு வாரத்துக்கு 25 பவுண்டு படித்தொகை. 1986இல் அது இரண்டாண்டுத் திட்டமானது.

அதே 1986இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. சில தொழில்களில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்துவந்த கூலி வாரியங்களின் பாதுகாப்பிலிருந்து 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விலக்கப்பட்டார்கள். இளையோரின் கூலி அதிகமாக இருப்பதால்தான் முதலாளிகள் அவர்களை எடுப்பதில்லை என்பது அன்றைய அரசின் வாதம். 1988 ஏப்ரலில் புதிய உதவித்தொகை முறை வந்தபோது 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் குறைந்த தொகை வைத்தார்கள். செப்டம்பரில் 16, 17 வயதுக்காரர்களுக்கு அதுவும் இல்லை. எல்லாருக்கும் பயிற்சித் திட்டத்தில் இடம் உண்டு, அப்புறம் உதவித்தொகை எதற்கு என்றார்கள்.

இந்த முடிவுகளுக்கு அடியில் சொல்லாமல் சொன்ன ஓர் அனுமானம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அது சோறு போடும் என்பதே அந்த அனுமானம். வீடே சிக்கலாக இருந்தவர்களை, மாற்றாந்தந்தையோடு ஒத்துப்போகாமல் வெளியேறியவர்களை, அரசுக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தவர்களை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. ‘கடும் கஷ்ட’ நிலைக்கான தொகை ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது உரிமை இல்லை. தன் கஷ்டம் எவ்வளவு கடுமையானது என்று 16 வயதுப் பிள்ளை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1970களின் இறுதியில் வைத்த ஒரு வாதத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இளமைக்கும் முதுமைக்கும் நடுவில் கோடு போடுவது உயிரியல் அல்ல, அதிகாரப் பகிர்வு என்றார் அவர். பிரிட்டனின் சட்டப் புத்தகம் அவர் பேச்சுக்குச் சாட்சி சொல்வதுபோல இருந்தது. 16 வயதில் பள்ளியை விடலாம், முழுநேர வேலை பார்க்கலாம், வருமானம் போதுமான அளவு இருந்தால் வரியும் கட்டலாம். ஆனால் உதவித்தொகை கேட்கும்போது மட்டும் நீ இன்னும் பிள்ளை. 1999இல் தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தபோதும் 16, 17 வயதுக்காரர்களை வெளியே வைத்துவிட்டார்கள். அவர்களுக்கென்று மணிக்கு 3 பவுண்டு என ஒரு விகிதம் வந்தது 2004 அக்டோபரில்தான்.

கார்டிஃபில் கிடைத்த பூஜ்யம்

1990களின் தொடக்கத்தில் தெற்கு வேல்ஸின் சௌத் கிளமோர்கன் பகுதியில், அதாவது கார்டிஃபிலும் அதைச் சுற்றியும், ஓர் ஆய்வு நடந்தது. டேவிட் இஸ்டன்ஸ், கேரத் ரீஸ், ஹோவர்ட் வில்லியம்சன் ஆகியோர் கேட்டது எளிய கேள்வி: படிப்பிலும் இல்லாமல், பயிற்சியிலும் இல்லாமல், வேலையிலும் இல்லாமல் 16, 17 வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதிகாரப்பூர்வ பதில் ‘யாரும் இல்லை’ என்பதற்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் தொழில் வழிகாட்டி அலுவலகங்களில் ஒவ்வொரு இளைஞருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. படிப்புக்கு ஓர் எண், பயிற்சிக்கு ஓர் எண், வேலைக்கு ஓர் எண். எதிலும் சேராதவருக்குப் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யங்களைக் கூட்டிப் பார்த்தபோது, எந்த நேரத்தில் எடுத்தாலும் அந்த வயதினரில் 16 முதல் 23 சதவிகிதம் பேர் இதில் விழுந்தார்கள். 1994இல் அறிக்கை வெளியானது. ‘நிலை பூஜ்யம்’ என்ற பெயரை ஆய்வாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் அவர்களுக்கு இருந்த எண்ணும் அதுதான், சமூகத்தில் அவர்களுக்கு இருந்த மதிப்பும் அதுதான் என்று வாசகருக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக.

அந்தச் சமயத்தில் பிரிட்டனில் இன்னொரு பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் சார்ல்ஸ் மர்ரே 1989இல் வந்து பார்த்துவிட்டு, வேலை செய்ய விருப்பமே இல்லாத ஓர் ‘அடிவர்க்கம்’ இங்கே உருவாகிறது என்று எழுதியிருந்தார். கார்டிஃப் கணக்கை வைத்துக்கொண்டு ‘பாருங்கள், ஆதாரம்’ என்று சொல்வது சுலபம். வில்லியம்சன் அந்த வழியில் போகவில்லை. அந்தப் பூஜ்யத்துக்குள் இருப்பவர்கள் ஒரே மாதிரி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன செய்வது என்று தெரியாமல் குழம்பி நிற்பவர்கள் உண்டு. வீட்டுப் பிரச்சினையாலோ வேறு காரணத்தாலோ கொஞ்ச காலம் தடம் மாறியவர்கள் உண்டு. எல்லாவற்றிலிருந்தும் மனம் விட்டுப்போனவர்களும் உண்டு. முதல் கூட்டத்துக்கு யாராவது நேர்மையாக வழி சொன்னால் போதும். கடைசிக் கூட்டத்துக்கு அது போதாது.

அதிகாரிகளுக்கு ‘பூஜ்யம்’ என்ற சொல் உறுத்தியது. சொல்லை மாற்றினார்கள். படிப்பு, வேலை, பயிற்சி எதிலும் இல்லாதவர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நீட்’ என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. (தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் மருத்துவ நுழைவுத் தேர்வுதான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு ‘ஒழுங்கானது, சுத்தமானது’ என்று பொருள். பூஜ்யம் கேட்பவரைக் குத்தியது. ‘நீட்’ யாரையும் குத்தவில்லை. அரசுக் கோப்புகளில் அது வசதியாக உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இலக்கு வந்த கதை

1997இல் ஆட்சி மாறியது. டோனி பிளேர் அரசு அந்த ஆண்டு டிசம்பரில் சமூக ஒதுக்கல் பிரிவு என்று ஒன்றை அமைத்தது. 1999 ஜூலையில் அதன் அறிக்கை 16 முதல் 18 வயதுக்குள் 1,61,000 பேர், அந்த வயதினரில் 9 சதவிகிதம், படிப்பிலோ பயிற்சியிலோ வேலையிலோ இல்லை என்றது. இத்தனை ஆண்டுகள் இல்லாதவர்களாக இருந்தவர்களைப் பற்றி ஓர் அரசு தன் வாயாலேயே எண்ணைச் சொன்னது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘கனெக்‌ஷன்ஸ்’. 2001 ஏப்ரலில் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தச் சேவையில் 13 முதல் 19 வயதுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர் உண்டு. வேலை, படிப்பு, வீடு, போதை, கர்ப்பம் என எதுவானாலும் அவரிடம் போகலாம். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் இதைச் சரியாக நடத்த 15,000 ஆலோசகர்கள் வேண்டும் என்று போட்ட கணக்கு ஒரு பக்கம் இருக்க, 2004இல் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் வேலையில் இருந்தார்கள். எல்லா இளைஞருக்கும் என்று தொடங்கிய சேவை, ஆள் பற்றாக்குறையில் யாருக்கு முதலில் என்று கேட்க வேண்டியதானது. அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது: 2002 நவம்பருக்கும் 2004 நவம்பருக்கும் இடையில் ‘நீட்’ எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்பது அரசு வைத்த இலக்கு.

இது களத்தில் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்க ஒரு கற்பனை உதாரணம். நவம்பர் மாதம். ஓர் ஆலோசகரின் பட்டியலில் 17 வயதில் மூன்று பேர். ஒருவன் போன வாரம் கடை வேலையை விட்டான், ஜனவரியில் கல்லூரியில் சேர இடம் வாங்கிவிட்டான். ஒருத்திக்கு நான்கு மாதக் குழந்தை, இப்போதைக்குக் குழந்தையோடு இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. மூன்றாவது பையன் நண்பர்கள் வீட்டுச் சோபாக்களில் மாறி மாறிப் படுக்கிறான், மது பழக்கம், ஒரு வழக்கு நிலுவையில். மூவருக்கும் குறியீடு ஒன்றுதான். எண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் யாரோடு நேரம் செலவழிப்பது லாபம்? முதல் பையனை ஆறு வாரப் பயிற்சி ஒன்றில் தள்ளிவிட்டால் ஓர் எண் குறையும், அவனுக்கு அது தேவையே இல்லை என்றாலும். அந்தப் பெண்ணைக் குழந்தைகள் காப்பகம், பயிற்சி என்று நெருக்கினால் இன்னோர் எண் குறையலாம். மூன்றாவது பையனோடு ஆறு மாதம் உழைத்து, அவனுக்கு ஓர் அறை கிடைத்து, குடியையும் குறைத்தால்கூட அட்டவணையில் அவன் இன்னும் ‘நீட்’தான்.

2006இல் ஸ்காட் யேட்ஸும் மால்கம் பெய்னும் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. ‘நீட்’ என்பவர்களில் இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள், இளம் பெற்றோர், சிக்கலான சூழலில் இருப்பவர்கள் என மூன்று வகை உண்டு, ஒரே இலக்கு மூவரையும் ஒரே தராசில் வைக்கிறது, அதனால் ஆலோசகர்களின் வேலை தீயணைப்பு வேலையாகிவிடுகிறது என்றார்கள். ஒருவர் என்னவாக இருக்கிறார் என்று கேட்காமல் என்னவாக இல்லை என்று மட்டும் சொல்லும் சொல் இது என்பதும் அவர்கள் வாதத்தில் அடங்கியது. அரசு 2004இல் அடுத்த இலக்கைப் போட்டபோது அதன் தொடக்கப் புள்ளி 10 சதவிகிதம். அதை 2010க்குள் 8 ஆக்க வேண்டும். 1999 அறிக்கையின் எண் 9 என்பதை மறந்துவிடாதீர்கள்.

டீஸைடில் பார்த்தது

ஒரு நாள் எடுத்த புகைப்படத்துக்கும் பத்தாண்டுக் கதைக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கிலாந்தின் வடகிழக்கில் பார்க்கலாம். எஃகும் வேதிப்பொருளும் ஒரு காலத்தில் ஊருக்கே வேலை கொடுத்த டீஸைடு பகுதி. ராப் மெக்டொனால்ட், டிரேசி ஷில்ட்ரிக் போன்றவர்கள் மிடில்ஸ்பரோவின் ஏழைக் குடியிருப்புகளில் இளைஞர்களோடு பேசினார்கள். பேசிவிட்டுப் போய்விடவில்லை. அவர்களில் சிலரை இருபதுகளின் நடுவிலும் முப்பதுகளிலும் மறுபடி தேடிப்போய்ப் பேசினார்கள்.

கிடைத்த சித்திரம் மர்ரே வரைந்ததிலிருந்து ரொம்ப தூரத்தில் இருந்தது. வேலை வேண்டாம் என்றவர்கள் அதில் அபூர்வம். ஒரு கோழி பதப்படுத்தும் ஆலை, ஓர் அழைப்பு மையம், ஒரு மதுக்கூடம், ஒரு முதியோர் இல்லம் என்கிற மாதிரி வேலைகள். சில மாதம் வேலை, சில மாதம் இல்லை, பிறகு இன்னொரு பயிற்சி, மறுபடி அதே கூலியில் இன்னொரு வேலை. 18 வயதில் இருந்த இடத்தில்தான் 30 வயதிலும் பலர் நின்றார்கள், இடையில் பத்துப் பன்னிரண்டு வேலை பார்த்த பிறகும். ‘நீட்’ கணக்கு இவர்களை ஒரு மாதம் பிடிக்கும், அடுத்த மாதம் விட்டுவிடும். விட்ட மாதத்தை அரசு வெற்றி என்று எழுதிக்கொள்ளும். கிடைத்த வேலை எப்படிப்பட்டது என்று கேட்க அட்டவணையில் இடமில்லை.

வேலை தேடித் தந்ததும் பெரும்பாலும் அரசு இல்லை. மாமா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், பழைய சிநேகிதர்தான். இது உதவியும்கூட, கட்டிப்போடுவதும்கூட. தெரிந்தவர்கள் எல்லாரும் அதே அடிமட்ட வேலைகளில் இருந்தால் அவர்கள் காட்டும் கதவும் அங்கேதான் திறக்கும்.

2012இல் இதே ஆய்வாளர்கள், ஆண்டி ஃபர்லாங் உள்ளிட்ட சிலரோடு சேர்ந்து, இன்னொரு சோதனை செய்தார்கள். ‘மூன்று தலைமுறையாக யாருமே வேலைக்குப் போகாத குடும்பங்கள்’ என்று அரசியல்வாதிகள் மேடையில் பேசிக்கொண்டிருந்த காலம். சரி, அப்படி ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிப்போம் என்று கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் மிக ஏழ்மையான பகுதிகளில் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீண்ட நாள் வேலையில்லாத பெற்றோர் இருந்த வீடுகளில் பேசியபோது, பிள்ளைகள் தங்கள் நிலைக்கு வரக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது. மேடைப் பேச்சு அதற்காக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃபர்லாங் 2006இலேயே ‘நீட்’ மீது இரண்டு பக்கமும் குற்றம் சொல்லியிருந்தார். உள்ளே பார்த்தால் அது பலவகைப்பட்ட ஆட்களை ஒரே சாக்கில் கட்டுகிறது. வெளியே பார்த்தால், நிலையில்லாத மோசமான வேலையில் தத்தளிப்பவர்களைப் பிரச்சினை இல்லாதவர்கள் என்று விட்டுவிடுகிறது.

மறுபக்கம்

விமர்சனம் செய்வது எனக்கும் சுலபம்தான். ஆனால் ‘நீட்’ என்ற கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் சில பேர் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். வேலையின்மை எண்ணிக்கை வேலை தேடுபவர்களை மட்டும் எண்ணும். நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ளும் 17 வயதுப் பெண்ணோ உடல்நலமில்லாத பையனோ அதில் வரமாட்டார்கள். ‘நீட்’ கணக்கில் வருவார்கள்.

அந்தக் கணக்கு உருவாக்கிய அக்கறையில் காசும் வந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 16 வயதுக்குப் பிறகும் படிப்பைத் தொடர வாரம் 30 பவுண்டு வரை தரும் கல்வி பராமரிப்புத் தொகை 1999இல் சில பகுதிகளில் சோதனையாகவும் 2004இல் நாடு முழுக்கவும் வந்தது. சோதனைப் பகுதிகளை மதிப்பிட்ட ஆய்வு, தகுதி உள்ளவர்களில் படிப்பைத் தொடர்ந்தவர்களின் பங்கு 4 முதல் 5 சதவிகிதப் புள்ளி கூடியது என்றது. புத்திமதியைவிடப் பேருந்துக் கட்டணம் வேலை செய்தது என்று நான் இதை வாசிக்கிறேன்.

ஸ்காட்லாந்து வேறு விதமாக யோசித்தது. 2006இல் அங்கே வந்த திட்டத்துக்கு ‘அதிகத் தெரிவுகள், அதிக வாய்ப்புகள்’ என்று பெயர் வைத்தார்கள். இல்லாததைச் சொல்லும் பெயரை விட்டு, தர வேண்டியதைச் சொல்லும் பெயர். பெயரை மாற்றியதால் கிளாஸ்கோவில் வேலைகள் முளைத்துவிடவில்லை.

சொல் மட்டும் உலகம் சுற்றியது. ஜப்பானில் 2004 வாக்கில் அது பரவியபோது 15 முதல் 34 வயது வரை இழுத்தார்கள். வேலை தேடுபவர்களையும் வீட்டு வேலை பார்ப்பவர்களையும் கழித்தார்கள். பிரிட்டனில் கொள்கைச் சொல்லாக இருந்தது அங்கே சோம்பேறி என்று திட்டும் சொல்லாகிவிட்டது. 2015இல் ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் ‘நீட்’ விகிதம் ஏறியது. அங்கே வயது 15 முதல் 24.

கலைந்த விதம்

2010இல் கூட்டணி அரசு வந்ததும் சிக்கனம். கல்வி பராமரிப்புத் தொகையை இங்கிலாந்தில் 2011இல் நிறுத்தினார்கள். வேல்ஸும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் வைத்துக்கொண்டன. கனெக்‌ஷன்ஸ் ஒரே நாளில் மூடப்படவில்லை. உள்ளாட்சிகளின் கையில் இருந்த அது, பணம் வெட்டப்பட வெட்டப்பட, ஊருக்கு ஊர் கரைந்தது. 2012இல் தேசியத் தொழில் வழிகாட்டிச் சேவை வந்தபோது நேரில் உட்கார்ந்து பேசும் வசதி பெரியவர்களுக்கு மட்டும். இளையோருக்கு இணையதளமும் தொலைபேசியும். வழிகாட்டும் கடமை பள்ளிகளின் தலையில் விழுந்தது, அதற்கென்று தனிப் பணம் இல்லாமல்.

உதவி குறைந்த அதே காலத்தில் கட்டாயம் கூடியது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் 2013 முதல் 17 வயது வரையும், 2015 முதல் 18 வயது வரையும் ஏதாவது ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். மீறினால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் பிரிவுகள் இருந்தாலும் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கட்டாயம், ஆனால் மீறினால் ஒன்றும் இல்லை. சட்டப்படி ‘நீட்’ என்ற 17 வயதுக்காரர் இருக்கவே முடியாது என்ற விசித்திர நிலை மறுபடி வந்தது. 1988இலும் அதே வயதுதான்.

பெரிய வயதுக்காரர்களைச் சேர்த்துப் பார்த்தால் கதை முடிந்தபாடில்லை. 2024இன் கடைசி மூன்று மாதங்களுக்கான தேசியப் புள்ளியியல் அலுவலக மதிப்பீடு, பிரிட்டன் முழுக்க 16 முதல் 24 வயதில் 9,87,000 பேர் ‘நீட்’ என்கிறது, 13.4 சதவிகிதம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலை தேடுபவர்களே அல்ல. உடல்நலமும் மனநலமும் காரணமாகச் சொல்லப்படுவது கூடிவருகிறது. ஆலோசகருக்கு இலக்கு வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

16, 17 வயதினரின் கணக்கை இன்று இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் வெளியாகும் அட்டவணையில் ‘நீட்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று இன்னொரு பத்தி இருக்கும். அந்தப் பிள்ளை எங்கே, என்ன செய்கிறது என்று உள்ளாட்சிக்குத் தெரியாது என்று பொருள். இரண்டையும் கூட்டிய எண்ணைத்தான் தலைப்பாகக் காட்டுகிறார்கள். காரணம் எளிது. கூட்டாமல் விட்டால், தேடிப்போகாமல் இருக்கும் உள்ளாட்சிக்குத்தான் ‘நீட்’ குறைவாக வரும். சில ஊர்களில் இரண்டாவது பத்தி முதல் பத்தியைவிடப் பெரியது. கார்டிஃபின் பழைய அலுவலகத்தில் குறியீடு போட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம் அந்தப் பத்தியைக் காட்டினால் என்ன எண் போடுவார் என்று நமக்குத் தெரியும்.